நகலில் கலப்படம் கூடாது

நிறுத்தியிருக்கும் காரைப் பார்த்தால் போதும், பல் டாக்டர் குனிந்துவிடுவார். டயரின் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தைச் செருகி, ஆழம் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த காருக்குப் போவார். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், காற்றைப் பிடுங்க வந்த ஆசாமி என்று சத்தம் போட்டதுண்டு. "டயரைத்தாங்க பார்க்கறேன், காரை இல்லை" என்பார், அதற்குமேல் விளக்கம் எதற்கு என்பதுபோல. அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் பாவத்துக்கு நான்தான் ஓடிப்போய் ஜாமீன் கொடுப்பேன்.

கீழ்த்தளத்தில் முன்பக்கம் பல் மருத்துவமனை, பின்பக்கம் ஷெட். முன்னால் பொய்ப்பல் கட்டுகிறார், பின்னால் பொய்க் கார். அந்தக் காலத்தில் பந்தயத் தடங்களில் பறந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் நகல் அது. உடம்பு ஃபைபர். எஞ்சின், காய்கறி வாங்கப் போய்வந்த ஒரு குடும்பக் காரிலிருந்து பெயர்த்தது. ஹாரன் லாரியுடையது. இதெல்லாம் அவரை உறுத்துவதில்லை. டயர் என்று வந்துவிட்டால் மட்டும் மனிதர் அப்பழுக்கில்லாத சத்தியவானாகிவிடுவார்.

"நகல்தான், ஒத்துக்கறேன். ஆனா நகல்ல கலப்படம் கூடாது சார்."

இதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. மறுக்க முடியாது. அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பேன்.

"பழைய மாடல் டயர் ஒல்லியா, உயரமா இருக்கும். அவ்வளவு லட்சணம். ஆனா மழையில வழுக்கும். இப்ப வர்ற அகலமான ரேடியல் டயர் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். ஆனா அதை மாட்டினா, கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு ரப்பர் செருப்போட போற மாதிரி இருக்கும். நீங்களே சொல்லுங்க, எது சரி?"

"ஆ" என்பேன்.

"அதையேதான் நானும் சொல்றேன்" என்று மறுபடி துளைக்க ஆரம்பிப்பார்.

முன்னறையில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்புவது அவர்தான். மேஜைமேல் ஒரு மணி இருக்கிறது. உள்ளே பேச்சு பல்லை விட்டு டயருக்குத் தாவியது காதில் விழுந்ததும் ஒரு தட்டு தட்டுவார். டாக்டர் பாதி வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டு வேலையைப் பார்ப்பார். அந்த மணி மட்டும் இல்லையென்றால் என் கடைவாய்ப்பல் இன்னும் பாதி துளைத்த நிலையில்தான் இருக்கும்.

கார் எப்போதோ முடிந்துவிட்டது. டயர்தான் இல்லை. அதனால் நான்கு இரும்பு முக்காலிகள்மேல் நின்றுகொண்டிருந்தது. ஒருமுறை மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒல்லி டயர் நான்கு வாங்கியும் விட்டார். டயரில் இருக்கும் கம்பெனி எழுத்து வெளியே தெரியும்படி மாட்டுவதா, உள்பக்கம் திருப்பி மாட்டுவதா என்று அடுத்த சந்தேகம் முளைத்தது. இவரைப்போலவே நகல் கார் கட்டுகிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு உண்டு. அதில் கேட்டார். கேட்டதுதான் தாமதம், குழு இரண்டு கட்சியாகப் பிளந்து, வார்த்தை தடித்து, நெடுநாள் நண்பர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். தீர்ப்பு வரும்வரை டயர்கள் கட்டிலுக்கடியில் போர்வை சுற்றிக்கொண்டு தூங்கின. வருஷங்கள் கழித்துப் பிரித்துப் பார்த்தால் ஓரமெல்லாம் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு.

"ஒரு அடிகூட ஓடலை. ஆனா ரப்பருக்கு வயசாயிடுச்சு. இனிமே இதை நம்பி மாட்ட முடியாது" என்று சொல்லி அவரே தூக்கிப் போட்டார். பிறகு முதலிலிருந்து தேட ஆரம்பித்தார். டயர் கடைக்காரர் இவர் தலையைக் கண்டால் சாப்பிடப் போய்விடுவார், கடை திறந்த கையோடு என்றாலும்.

தெருவே இதைச் சொல்லிச் சிரித்தது. சிரிக்காதவர் டாக்டரின் மனைவி, அந்த அம்மா ஒருவர்தான். முதல் சவாரி அவருக்குத்தான், கடற்கரை வரைக்கும் என்று முதல் திருகாணியை முடுக்கிய அன்றே டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். காரோ தரையோடு தரையாக உட்காரும் ரகம். அதற்குள் இறங்க முழங்கால் நன்றாக மடங்க வேண்டும். அந்த அம்மாவின் முழங்கால் வருஷத்துக்கு வருஷம் அவர் பேச்சைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டே வந்தது.

போன மாதம் டாக்டர் எனக்குப் பல் அடைத்துக்கொண்டிருந்தபோது, ஒல்லியா ரேடியலா என்ற பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. மணி ஒலிக்கவில்லை. அந்த அம்மாவே எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்க பாருங்க. நீங்க நிதானமாவே டயர் பாருங்க, நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா எனக்கு இப்ப பஸ் படியே ஏற முடியலை. இன்னும் கொஞ்ச நாள் போனா, உங்க காருக்குள்ள என்னை யாராவது தூக்கித்தான் வைக்கணும்."

டாக்டர் வாயைத் திறந்தார். அந்த அறையில் இப்போது இரண்டு வாய்கள் திறந்திருந்தன.

மறுநாளே டயர் வந்து இறங்கியது. அடுத்த தடவை நான் போனபோது கதவைச் சாத்திவிட்டு, காதருகே குனிந்து, கொலைக்குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்போலச் சொன்னார்.

"ரேடியல்தான் வாங்கினேன் சார். வழியில மழை பிடிச்சுட்டா அவ பயந்துடுவா. குழுவில யாருக்கும் தெரிய வேண்டாம்."

இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்காலிகளை உருவினார். கார் முதன்முதலாகத் தன் காலில் நின்றது. அந்த அம்மா தலையில் துணி கட்டி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. மறுபடி முயன்றார். மாடிப்படியில் நின்றிருந்த நான் இரண்டு படி இறங்கினேன்.

"பரவாயில்லை, நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றார்.

டாக்டர் ஷெட்டுக்குள் போய் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். மனைவி ஏறவேண்டிய பக்கத்தில் கொடுத்து, இருக்கை நாற்காலி உயரத்துக்கு வரும்வரை காரைத் தூக்கினார்.

"உட்காரு. பயப்படாதே, வலிக்காது."

எங்களிடமெல்லாம் சொல்லும் அதே குரல். அந்த அம்மா உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொண்டார். டாக்டர் தன் பல் நாற்காலியை இறக்குவதுபோலக் காரை மெல்ல மெல்ல இறக்கினார். திரும்ப இறங்குவதற்கும் வேண்டுமே என்று ஜாக்கியைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டார்.

தன் பக்கம் போவதற்காகக் காரின் முன்னால் சுற்றி வந்தார். வழியில் முன்சக்கரம். தன்னையறியாமல் குனிந்துவிட்டார். கட்டைவிரல் டயரை நோக்கி நீண்டது. உள்ளேயிருந்து அந்த அம்மா கையை நீட்டி லாரி ஹாரனை அழுத்தினார். டாக்டர் வந்து ஏறும்வரை கையை எடுக்கவே இல்லை.