டிரெய்லரோடு லோணாவாலாவுக்கு

1966 டிசம்பர், ஒரு சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குப் பம்பாய்த் தாராவியில் ஜீப் ஏறினேன். நான் நர்ஸ், பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் வீடு. மலைமேல் இருக்கும் லோணாவாலாவில் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கிளை. திங்கட்கிழமை அங்கே முதல் ஆபரேஷன். அதற்கான சாமான்கள் ஜீப்பின் பின்னால் மாட்டிய இரு சக்கர டிரெய்லரில் இருந்தன: ஜெனரேட்டர், கொதிநீர்த் தொட்டி, மருந்துப் பெட்டிகள், நோயாளிகளை நிறுத்தி எடை பார்க்கும் மெஷின்.

ஓட்டியவர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கம், தாராவிக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. ஜெனரேட்டரை முன்பக்கம் வைக்கலாம் என்றார். முதலில் இறக்க வேண்டியது அதுதான், கடைசியில் கதவோரமாக இருக்கட்டும் என்று நான் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் கட்டளையிட்டுப் பழகிய குரல். அவர் அப்படியே ஏற்றினார்.

ஏழு மணிக்குத் தாணா. டீ பதினைந்து பைசா. முக்கால் மணி நேரம் கழித்து, மும்ப்ரா தாண்டிய ஓர் இறக்கத்தில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு ஜீப்பின் பின்புறத்தையே இடமும் வலமும் இழுத்தது. எதிரே லாரி. பிரேக் போடச் சொல்லிக் கத்தினேன். அவர் பிரேக்கைத் தொடவே இல்லை. ஸ்டீயரிங்கை அசையாமல் நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தார். லாரி உரசுகிற மாதிரி கடந்து போயிற்று. வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது.

ஒரு டீக்கடை எதிரே ஓரங்கட்டி, டிரெய்லர் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, கொக்கியைக் கழற்றினார். டிரெய்லரின் மூக்கை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியளா சிஸ்டர், மூக்குல கனமே இல்ல. லோடு பூரா வால்ல கெடக்கு. இப்பிடியே மலைக்குப் போனா, இதுதான் நம்மள ஓட்டும்."

தப்பு என்னுடையது என்றேன். எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று கேட்டேன். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை என்றார். என்னிடம் சாமான்களின் எடைப்பட்டியல் இருந்தது. டிரெய்லரையும் சேர்த்து அறுநூறு கிலோ. அப்படியானால் அறுபது வேண்டும். கையால் உத்தேசம் பார்ப்பானேன், எடை மெஷின்தான் கூடவே வருகிறதே என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

மெஷினைச் சமதரையில் இறக்கி, அதன் மேல் கொக்கி நிற்கும் உயரத்துக்குக் கட்டை அடுக்கி, டிரெய்லரின் மூக்கை அதில் இறக்கினார். குனிந்து படித்தேன். பதினெட்டு கிலோ.

டீக்கடையில் இருந்த இருவர் கைகொடுக்க, ஜெனரேட்டரை முன்னால் நகர்த்தினோம். நூற்றைந்து காட்டியது. நான் திருப்தியாக நிமிர்ந்தேன். அவர் இல்லையென்று தலையசைத்தார். "இதும் ஜாஸ்தி. ஜீப்போட பின்பக்கம் அமுங்கிரும், முன் சக்கரம் ஸ்டீயரிங் சொன்னதக் கேக்காது." மருந்துப் பெட்டிகளைப் பின்னுக்குத் தள்ளினோம். அறுபத்தெட்டு. மூக்கின் கனம் மாறாதபடி எடை மெஷினைச் சக்கரத்துக்கு நேர் மேலே ஏற்றி, எதுவும் நகராதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

பன்வேல் பத்தரை மணி. டிரெய்லர் பின்னால் வருவதே தெரியவில்லை. கோபோலிக்கு மேல் மலைப்பாதை. கியரை மாற்றி மாற்றி நிதானமாக ஏறினார். ஒரு வளைவில் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. பயமில்லாமல் பார்த்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு லோணாவாலா. ஒரு பாட்டில்கூட உடையவில்லை.

கிளையின் டாக்டர் மராட்டிக்காரர். வழியில் நடந்ததை, என் தப்பையும் சேர்த்து, அவரிடம் சொன்னேன். இந்த டிரைவரை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே இருப்பது நடந்து போகிற தூரம். பிறந்ததிலிருந்து மாட்டுங்காவில் இருக்கிறேன். அன்று காலைதான் முதல் முறையாகத் தாராவிக்குள் போனேன். பாலக்காடு எங்கே, திருநெல்வேலி எங்கே. ஆனாலும் வாயில் இந்தியில் வந்தது ஒன்றுதான்:

"ஹமாரே காவ்கா ஆத்மி ஹை, டாக்டர் சாப்."

கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த சுடலைமுத்து திரும்பிப் பார்த்தார். "ஆமா, நம்ம ஊருதான்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அடுத்த முடிச்சில் கை வைத்தார்.