வெளிச்சத்துக்கு நின்றவளின் கடைவாய்ப்பற்கள்

சும்மா நிற்பதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த வெல்மா ஸ்டாடர்டுக்கு, உலகத்தில் வராத ஒரே காரியம் சும்மா நிற்பது. தபால் ஆபீஸ் வரிசையில் நின்றால் முன்னே நிற்பவரின் இருபக்கமும் மாறிமாறி எட்டிப் பார்ப்பாள். தேவாலயத்தில் உட்கார்ந்தால் அவள் முட்டி ஆடுகிற ஆட்டத்தில் அந்த பெஞ்சு முழுவதும் பக்தியில் நடுங்குவதுபோல் இருக்கும். அவள் தங்கியிருந்த விடுதியில் அவளுக்குக் கீழ் அறைக்கு வந்த எவரும் ஒரு மாதம் தாண்டியதில்லை. "மாடியில என்ன, குதிரையா கட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்பேர்ப்பட்டவள்தான் ஹாலிவுட்டில், குரோட்கின் ஸ்டுடியோவில், தரையில் சாக்பீஸால் போட்ட குறிமேல் காலையிலிருந்து மதியம் வரை சிலையாக நின்றாள். சிலை என்றால் கணுக்காலுக்கு மேலேதான். செருப்புக்குள்ளே விரல்கள் பத்தும் தம் இஷ்டத்துக்கு நடனமாடிக்கொண்டிருந்தன. அதைக் காமிரா பார்க்காது என்பதால் நிர்வாகம் ஆட்சேபிக்கவில்லை.

வேலை இதுதான். கோரின் டெவரோ என்ற மகா நட்சத்திரம் எந்த இடத்தில் நின்று காதலிக்கவோ கண்ணீர் விடவோ போகிறாளோ, அந்த இடத்தில் முன்கூட்டியே வெல்மா நிற்க வேண்டும். ஒளிப்பதிவாளர் எமில் ஷாந்தோர் அவள் முகத்தை வைத்து விளக்குகளை ஏற்றி, இறக்கி, மறைத்து, திட்டி, ஒருவழியாக அழகைத் தயார் செய்வார். பிறகு ஒரு குரல் வரும். வெல்மா விலகுவாள். கோரின் வந்து அந்தத் தயாரான அழகுக்குள் நுழைந்துகொள்வாள். டூப் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டூப்புக்கு முதுகாவது படத்தில் வரும்.

நெப்ராஸ்காவில் சோள அறுவடைத் திருவிழாவின் அழகு ராணியாக முடிசூட்டப்பட்ட கையோடு பஸ் ஏறியவள் வெல்மா. அந்த ஊரில் அவள் அம்மா ஒவ்வொரு படத்தையும் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, "எங்கடி இருந்தே? கூட்டத்துலயா?" என்று எழுதுவாள். "எல்லாக் காட்சியிலயும் இருந்தேம்மா, ஆனா அதுக்குக் கொஞ்சம் முன்னாடி" என்று வெல்மா பதில் எழுதுவாள். இதைவிடத் துல்லியமாக அந்த உத்தியோகத்தை யாரும் விளக்கியதில்லை.

வெளிச்சத்துக்கு நிற்கிறவளுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: நட்சத்திரம் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும். கோரினின் கூந்தல் பழுப்பிலிருந்து வெள்ளிக்கு மாறியபோது வெல்மாவும் மண்டை எரிய எரிய வெள்ளிக்கு மாறினாள். கோரின் புருவத்தை மொத்தமாகப் பிடுங்கி எறிந்துவிட்டு நெற்றிக்குப் பாதி தூரத்தில் பென்சிலால் வரைந்துகொண்டபோது, வெல்மாவும் அதே உயரத்தில் ஆச்சரியப்பட ஆரம்பித்தாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்யாதவள் ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் அவளுடைய சாக்பீஸ் குறிமேல் வேறொருத்தி நின்றுகொண்டிருப்பாள், அவ்வளவுதான். ஐயோன் என்ற ஒருத்தி, அதே உயரம், அதே வெள்ளிக் கூந்தல், ஆள் எடுக்கும் அலுவலகத்து வாசலில் அந்த வருடம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். வெல்மாவைப் பார்க்கும்போதெல்லாம், "உடம்பு நல்லாருக்கா அக்கா? சளி கிளி இல்லையே?" என்று அன்பாக விசாரிப்பாள்.

இந்த நிலையில்தான் பத்திரிகையில் அந்தப் புகைப்படம் வந்தது.

புதுப் படம் தொடங்க ஒரு மாதம் இருந்தது. அட்டையில் கோரின். தோள் வரை கறுப்பு சாட்டின், கண்ணில் பாதித் தூக்கம், கன்னம் இரண்டும் உள்ளே போய், கன்னத்து எலும்பு கத்தி மாதிரி நின்றது. நாட்டில் பாதிப் பேர் வேலை போய், இலவச சூப்புக்கு வரிசையில் நின்று, சல்லிக் காசு செலவில்லாமல் கன்னம் ஒட்டிக் கிடந்த வருடம் அது. ஆனால் அவர்கள் சாட்டின் அணியாததால் யாரும் அதை நாகரிகம் என்று கண்டுகொள்ளவில்லை.

வெல்மா கண்ணாடிக்கு ஓடினாள். அவள் கன்னம் சோளத்தில் வளர்ந்த கன்னம், உருண்டு திரண்டிருந்தது. ஜன்னலுக்குப் போனாள், கண்ணாடிக்கு வந்தாள், கட்டிலில் உட்கார்ந்தாள், எழுந்தாள். அறைத்தோழி டாட்டி கால் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். ஸ்டுடியோ தையல் பிரிவில் கோரினைக் கவுனுக்குள் வைத்துத் தைக்கிறவள் அவள். ஆமாம், போட்டுவிட்டுத் தைப்பதுதான் அங்கே வழக்கம். தைத்த பிறகு கோரினால் உட்கார முடியாது. சாய்ந்துகொள்ள ஒரு பலகை வைத்திருந்தார்கள்.

"டாட்டி, இவ கன்னம் எப்படிடி இப்படிப் போச்சு?"

"தெரியாதா உனக்கு? கடவாப் பல்லப் புடுங்கிட்டாங்க. மேல ரெண்டு, ரெண்டு பக்கமும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? மூணு வாரமா சூப்பத் தவிர எதுவும் எறங்கல. மாட்டுக்கறி வந்தா தட்டத் தள்ளி விடுறாங்க. பல்லு இருக்கிறவ மாட்டுக்கறியத் தள்ளுவாளாடி?"

இந்தத் தர்க்கத்துக்கு எதிராக அரிஸ்டாட்டிலே வந்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

"அப்ப நானும்..."

"நீ ஏண்டி ஆடுற? கொஞ்சம் உக்காரு. சாயம் பூரா கம்பளத்துல ஆயிடும்."

வெல்மா உட்காரவில்லை. மறுநாள் ஆள் எடுக்கும் அலுவலகத்தைக் கடந்தபோது ஐயோன் அந்தப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு கன்னத்தைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். நேரே பல் டாக்டரிடம் நடந்தாள்.

டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். "வலிக்குதாம்மா?"

"இல்ல டாக்டர்."

"ஆடுதா?"

"இல்ல."

"முத்து மாதிரி இருக்கு. இத ஏன் எடுக்கச் சொல்றே?"

"சினிமாவுல இருக்கேன்."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே," என்று டாக்டர் கைகழுவப் போனார்.

வீக்கம் வடிந்து, வலி வடிந்து, கன்னமும் வடிந்தது. நாக்கு மட்டும் அமைதியடையவில்லை. அது ராப்பகலாகக் காலியான இடங்களுக்குப் போய்ப் போய்த் திரும்பியது, வீட்டுக்காரர் எங்கே போனார் என்று கேட்கும் கடன்காரனைப்போல. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் அட்டைப்படத்துக்கும் அவளுக்கும் சாட்டின் மட்டுமே வித்தியாசம். சட்டம் நிறைவேற்றப்பட்டுவிட்டது.

படப்பிடிப்பு தொடங்கியது. குறிமேல் வந்து நின்ற வெல்மாவை எமில் ஷாந்தோர் தம் கறுப்புக் கண்ணாடித் துண்டு வழியாகப் பார்த்தார். அந்தத் துண்டு வழியாகத் தவிர அவர் எதையும் பார்ப்பதில்லை. தம் மனைவியையும் அப்படித்தான் பார்த்துச் சம்மதித்ததாகச் சொல்வார்கள்.

"அட! வெல்மா, இங்க திரும்பும்மா. இன்னும் கொஞ்சம். ஆஹா! டேய், பெரிய விளக்க மேல தூக்குங்கடா. இன்னும் மேல! உச்சியில!"

உச்சியிலிருந்து விழுந்த ஒளி வெல்மாவின் கன்னக்குழிவில் இறங்கி நிழலாய் உட்கார்ந்தது. எமில் கண்கலங்கினார். தம் வழக்கப்படி சோதனைக்காக ஒரு சின்னத் துண்டு ஃபிலிம் ஓட்டினார். குரல் வந்தது. வெல்மா விலகினாள். கோரினைப் பலகையிலிருந்து நிமிர்த்தி, நடத்திக் கொண்டுவந்து குறிமேல் நிறுத்தினார்கள்.

இங்கே கோரினின் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் குறிமேல் கால் வைத்தபின் யாரும் எந்த விளக்கையும் தொடக்கூடாது. சூட்டில் முகப்பூச்சு உருகும், அவள் மனமும் உருகும், அப்புறம் அன்றைய வேலை உருகிவிடும். எமில் கண்ணாடித் துண்டை எடுத்துப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கோரின் வசனம் பேசினாள்.

மறுநாள் ரஷ்ஷை, அதாவது முந்தின நாள் எடுத்த ஃபிலிமை, திரையில் போட்டுப் பார்த்தார்கள். முதலாளி குரோட்கின், கோரின், எமில், இன்னும் தலையாட்டுவதற்கென்று நாலு பேர். திரையில் உச்சி வெளிச்சத்தில் ஒரு முகம் வந்தது. வட்டமாக, மழமழவென்று, மேலே வெண்ணெய் தடவியதுபோல்.

"யாருய்யா அந்த பன்னு?" என்றார் குரோட்கின்.

இருட்டில் கோரின் வெளியேறும் சாட்டின் சத்தம் மட்டும் கேட்டது.

விசாரணை நடந்தது. எமில் லென்ஸைச் சொன்னார். லென்ஸ்காரர் ஃபிலிம் கழுவுகிறவரைச் சொன்னார். கழுவுகிறவர் தையல்காரர்கள் கழுத்தை இறுக்கித் தைத்ததால் ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறியிருக்கும் என்றார். தையல் பிரிவு சூப்பில் உப்பு அதிகம் என்றது. சமையல்காரருக்குக் கீழே யாரும் இல்லாததால் அவர் அழுதார்.

கடைசியில் எமில்தான் வெல்மாவை ஓரமாகக் கூட்டிப் போய்த் தாடையைப் பிடித்துத் திருப்பினார். "வாயத் திற." திறந்தாள். "கடவுளே! என்னம்மா பண்ணித் தொலச்சே?"

"மேடம் பண்ணதத்தான் சார்."

"மேடம் என்ன பண்ணாங்க?"

"பல்லு... மேல நாலு..."

"அவங்களுக்கு முப்பத்திரண்டும் இருக்கு! என்னத் திட்டும்போது எண்ணியிருக்கேன். போட்டோவுக்கு உள்பக்கமாக் கன்னத்தக் கடிச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். கன்னத்தக் கடிச்சுக்கிட்டு போஸ் குடுக்கலாம், வசனம் பேச முடியுமா? சூப்பு, முதலாளி எடை குறைக்கச் சொன்னது."

வெல்மாவுக்கு ஒரு நிமிடம் கால்விரல்கூட ஆடவில்லை. நட்சத்திரத்தைப்போல் இருக்க வேண்டும் என்பதற்காகவே நட்சத்திரத்தைப்போல் இல்லாமல் போய்விட்டாள். முடி வளரும், புருவம் பாதி வளரும். இது வளராது.

"நாளைக்கு வரணுமா சார்?"

எமில் கண்ணாடித் துண்டைச் சட்டையில் துடைத்தார். "ஐயோனுக்குச் சொல்லி அனுப்பிட்டாங்கம்மா."

அடுத்த நாள் அவளுக்கு வேலை இல்லை. ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஸ்டுடியோ மதிலைச் சுற்றி நடந்தாள். வாசல் காவலாளி, "உள்ள போறியா, வெளிய போறியா, ஒண்ணு முடிவு பண்ணு தாயே, எனக்குத் தல சுத்துது" என்றார். அப்போதுதான் டாட்டி வாயில் குண்டூசிகளோடு ஓடி வந்தாள்.

"வாடி! கோரின் மேடம் கூப்பிடுறாங்க! உன் படத்தப் பார்த்துட்டாரு முதலாளி!"

"எந்தப் படம்?"

"எமில் சார் சோதனைக்கு எடுத்தாரே, அந்தத் துண்டு. தப்பா அதப் போட்டுட்டாங்க. முதலாளி எந்திரிச்சு நின்னு, 'இதான் என் கோரின்! இந்த மூஞ்சி இருக்கும்போது எதுக்குய்யா பன்னக் காட்டினீங்க?'ன்னு கத்திட்டாரு!"

இந்த இடத்தில் வெல்மாவின் மனதுக்குள் சோள ராணி எழுந்து முடியைச் சரிசெய்துகொண்டாள் என்பதை மறைப்பதில் பயனில்லை. அவளுக்குப் படத்தில் வாய்ப்பு கிடைக்கும் என்று வாசகர்களைப்போலவே அவளும் நினைத்தாள். குரோட்கின் அப்படி நினைக்கவில்லை. கோரினுக்காகச் சுவரொட்டிகள் அச்சாகிவிட்டன.

ஒப்பனை அறையில் கோரின் பலகையில் சாய்ந்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவ மூடு. கிட்ட வா. ஏண்டி, இத்தன வருஷமா என் மூஞ்சிக்கு நீ நின்னே. இப்ப உன் மூஞ்சிக்கு நான் நிக்கணுமாம். சனிக்கிழமை பல் டாக்டரு வர்றாரு."

"மேடம், எனக்குத் தெரியாது... டாட்டி சொன்னா..."

"நான் பிட்ஸ்பர்க்ல இரும்பு ஆலைக்குப் பின்னால பொறந்தவ. பசியில ஒட்டின கன்னத்தோட வந்தேன். 'இந்தப் பஞ்சத்து மூஞ்சி யாருக்கு வேணும், சாப்பிட்டு வா'ன்னு சொல்லி அனுப்பினது இதே குரோட்கின்தான். தெரியுமா?" மூச்சு வாங்கினாள். கவுன் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. "வலிச்சுதா?"

"மேல வலது பக்கம் கொஞ்சம் சண்டித்தனம் பண்ணிச்சு மேடம்."

"மாட்டேன்னு சொல்லலாம். சொன்னா?"

வெல்மாவுக்குப் பதில் தெரியும். வாசலில் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பாள். தன் வாசலில் ஐயோன் இருப்பதுபோல் கோரினின் வாசலிலும் யாராவது. ஒட்டிய கன்னத்தோடு, நலம் விசாரித்துக்கொண்டு.

"எந்த டாக்டர் மேடம்? எங்காளு கை லேசு. வேணும்னா அவர வரச் சொல்றேன்."

கோரின் சிரிக்கப் பார்த்தாள். தையல் விடும் என்று நிறுத்திக்கொண்டாள். "சொல்லு. அப்புறம் குரோட்கின்கிட்ட நான் ஒண்ணு சொல்லிட்டேன். என் பல்லப் புடுங்கணும்னா நீ போகக் கூடாது. இன்னொருத்தி வந்து மூக்க கீக்க மாத்திட்டு நின்னா, நான் அதுக்கும் போகணுமா?"

அப்படித்தான் வெல்மாவின் வேலை தப்பியது. ஐயோனைத் திருப்பி அனுப்பினார்கள். பற்கள் முழுமையாக இருப்பது தகுதிக் குறைவு என்று அலுவலகத்தில் விளக்கமும் சொன்னார்கள். படம் ஒரு மாதம் நின்றது. பத்திரிகைகள் கோரின் ஒரு காதல் தோல்வியில் இருப்பதாக எழுதின. வெல்மாவுக்குப் புது உத்தரவு வந்தது: முகத்தில் இனி எதையும் மாற்றக்கூடாது. எடை கூடக்கூடாது, குறையக்கூடாது, வெயிலில் நடக்கக்கூடாது. நடக்காமல் இருக்க முடியாதவள் குடையோடு நடந்தாள்.

கோரின் திரும்பி வந்த நாள், வெல்மா குறிமேல் நின்றாள். எமில் பெரிய விளக்கை உச்சிக்கு ஏற்றினார். குரல் வந்தது. வழக்கமாக இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இடம் மாற்றிக்கொள்வார்கள். அன்று கோரின் நின்றாள்.

"எதுலடி மெல்லுறே?"

"முன் பல்லாலதான் மேடம். முயல் மாதிரி."

"மாட்டுக்கறி?"

"அத விட்டுட்டேன் மேடம். பொடிசா கொத்தி ஆக்கினா எறங்கும்."

"கேரட்டு?"

"பச்சையா முடியாது. வேக வெச்சா உண்டு."

"மேடம், விளக்கு சூடாகுது!" என்று எமில் கெஞ்சினார்.

"இரும்யா, பேசிக்கிட்டிருக்கோம்ல," என்றாள் கோரின். உச்சி வெளிச்சத்தில், நாடே மூச்சடக்கிப் பார்க்கப்போகிற அந்தக் குழிந்த கன்னத்துக்குள் அவள் நாக்கு எதையோ தேடி மெல்ல நகர்வது தெரிந்தது. "சோளம்? அவிச்ச சோளம் கடிக்க முடியுமா?"

வெல்மா நெப்ராஸ்காக்காரி. இதற்கு மட்டும் முதலில் அவள் நாக்கு காலியான இடங்களுக்குப் போய்த் திரும்பியது.

"உதுத்துத் தின்னணும் மேடம்," என்று சொல்லிவிட்டு, விளக்கின் எல்லையைத் தாண்டி இருட்டுக்குள் போய், அங்குமிங்கும் நடக்க ஆரம்பித்தாள்.