சுகுணாவின் வியாழக்கிழமை விரதம்

மாதத்தின் முதல் வியாழக்கிழமை காலையில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யார் டம்ளரை நீட்டினாலும் சுகுணா கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாள். மஞ்சூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பெண் டீ வேண்டாம் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

"என்னா புள்ள, இன்னிக்கும் விரதமா?" என்பாள் பக்கத்து வீட்டு மல்லிகா.

"ஆமாக்கா, தண்ணிக்கு விரதம்."

விரதம்தான். கோவையிலுள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்காக அவள் ஓடைத் தண்ணீர் எடுக்கிறாள். கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாமல் அதில் கரைந்திருக்கும் பூச்சிமருந்து, மாத்திரை, சோப்பு மிச்சங்களை அங்கே தேடுகிறார்கள். டீ, காப்பியில் இருக்கும் கஃபீன் அகப்பட்டால் மேலே எங்கோ சாக்கடை கலக்கிறது என்று பொருள். டீ குடித்த கையோடு வாயோடு குனிந்தால் அந்தச் சாக்கடை இவள்தான். ஆகவே அன்று பவுடர் கிடையாது, க்ரீம் கிடையாது, ஜலதோஷம் பிடித்தாலும் தைலம் கிடையாது. அட்டை கடித்தால் உப்பு மட்டும். பிளாஸ்டிக் பாட்டிலைக் கிட்டவே சேர்ப்பதில்லை. எல்லாம் கண்ணாடிப் புட்டிகள்.

இவ்வளவு பார்த்தும் போன மாதம் சறுக்கிவிட்டாள். லயத்துக்குக் குழாய் போகும் இடத்துத் தண்ணீரில் வலி மருந்து இருப்பதாக முடிவு வந்தது. பத்து வீட்டுக்காரர்களும் குடத்தை வைத்துக்கொண்டு விழித்தார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆய்வுக்கூடத்திலிருந்தே கொண்டுவந்து, ஓடைக்கரையில் திறந்து மூடிய சுத்தத் தண்ணீரிலும் அதே மருந்து இருந்தது. சுகுணாவுக்கு உடனே விளங்கிவிட்டது. தண்ணீர் எடுத்த அன்று விடியலில் அம்மா விஜயாவின் முழங்காலுக்கு ஆயின்மென்ட் தேய்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை.

"என் கைதானுங்க சார்," என்று ஆய்வாளர் ரவிச்சந்திரனிடம் அவளே சொல்லிவிட்டாள். எடுத்த தண்ணீர் அத்தனையும் வீண். குடிக்கலாமா, கூடாதா என்ற கேள்வி ஒரு மாதம் தள்ளிப்போனது. வெட்கத்தில் அவள் பைப்படிப் பக்கமே தலைகாட்டவில்லை.

இந்த மாதம் கையுறை மாட்டி, தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று புட்டியை அலசிக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கப் போன விஜயா மேலே படியில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள். சுகுணா புட்டியோடு ஓடினாள்.

"கிட்ட வராத! மருந்து பூசியிருக்கேன்," என்று விஜயா கத்தினாள். "மொதல்ல தண்ணிய எடு புள்ள. எல்லாரும் அதத்தானே குடிக்கிறோம்."

பெற்றவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, முதுகைக் காட்டித் திரும்புவது எத்தனை கொடுமை! சுகுணா திரும்பினாள். மூன்று முறை அலசினாள். ஒரு முறைகூடக் குறைக்கவில்லை. இரண்டு புட்டிகளை நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். நேரத்தைக் குறித்தாள், எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

பிறகு கையுறைகளை உருவிப் பையில் போட்டுவிட்டு, இரண்டிரண்டு படியாக ஏறிப்போய், வெறுங்கைகளால் அம்மாவின் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.