ஞாயிற்றுக்கிழமை வளராத வேர்

என் அக்கா வீட்டுக்காரரை வேலையிடத்தில் வேர்க்காரர் என்பார்கள். வீட்டில் நாங்கள் சொல்வதை இங்கே எழுத முடியாது.

பயிர் ஆராய்ச்சிக்கூடத்தின் பின்பக்க அறையில் அறுபது பெட்டிகள். முன்பக்கம் கண்ணாடி, உள்ளே மண், மண்ணில் கோதுமை. பெட்டியைச் சாய்த்து வைத்திருப்பதால் வேர் கண்ணாடியை ஒட்டியே இறங்கும். அத்தான் தினமும் கறுப்புத் துணியை விலக்கி, வேர்நுனி எட்டிய இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு, எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று நோட்டில் எழுத வேண்டும். தினமும் என்றால் ஞாயிறும் சேர்த்துத்தான். ஆனால் துணிக்கடையில் வேலை பார்க்கும் அக்கா அன்று ஒருநாள்தான் வீட்டில் இருப்பாள். அத்தான் நகரவே மாட்டார். திங்களன்று போய், சனிக்கிழமை எண்ணையே ஞாயிற்றுக்கும் எழுதிவிடுவார். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

அங்கே ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானியம்மா பார்த்தார். ஒருநாள் எல்லோரையும் கூட்டி, கோதுமை வேர் ஞாயிறன்று வளர்வதே இல்லை, திங்களன்று இரண்டு மடங்கு பாய்கிறது, பயிர் வாரம் ஒருமுறை ஓய்வெடுக்கிறது என்று அறிவித்தார். அடுத்த வாரம் மாநாட்டில் நானூறு பேர் முன்னால் வாசிக்கப் போகிறாராம். எல்லோரும் கைதட்டினார்கள். அத்தானும் தட்டினார், வேறு என்ன செய்வார்?

வீட்டுக்கு வந்தவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் நல்ல மனுஷி ஒருவர் நானூறு பேர் முன்னால் அவமானப்படுவார்.

"பேசாம இருந்துடுங்க அத்தான், யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். சொன்னபின் எனக்கே வெட்கமாக இருந்தது.

"கோதுமைக்குக் கிழமை எப்படித் தெரியும்னு ஒருத்தன் கேட்டா போதும், அந்தம்மா மானம் போச்சு," என்றாள் அக்கா. "காலையில போய்ச் சொல்லிடுங்க."

போய் நின்றார். "அம்மா, ஞாயித்துக்கிழமை லீவு எடுத்தது வேர் இல்லீங்க. நான்தான்."

விஞ்ஞானியம்மா முறைத்தாராம்.

"மத்த ஆறு நாளாவது அளந்தீங்களா?"

"ஒரு மில்லிமீட்டர் விடலீங்க."

அந்த அம்மா கட்டுரையை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை எண்களைச் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் முன்பக்கம் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். 'எல்லா அளவுகளும் தினந்தோறும் என் நேரடி மேற்பார்வையில் எடுக்கப்பட்டவை' என்று அங்கே அவரே எழுதியிருந்தார்.

அந்த வரியையும் அடித்தார்.

"உங்கள வேலையை விட்டு அனுப்பணும்னா, நான் முதல்ல போகணும்," என்றார். "போங்க, இன்னிக்கு அளவை எடுங்க. நானும் வரேன்."