கருகிய உறையில் இருந்த முத்திரை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்களெல்லாம் தோட்ட ஒப்பீசுக்குப் போய், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில்தான் எங்கள் கைக்கு வரும்.

மகளின் தாதியர் பயிற்சி நேர்முகப் பரீட்சைக் கடிதமும் அப்படித்தான் வந்தது. பிரித்துப் பார்த்தால், பரீட்சை முந்தின நாளே முடிந்திருந்தது. "தபால் கந்தோர்ல லேட்டாயிருச்சும்மா, நாங்க என்ன செய்ய?" என்றார் ஒப்பீஸ் கிளாக்கர். நானும் நம்பி, அன்று மாலை உறையை அடுப்பில் போட்டேன். மகள்தான் பாய்ந்து எடுத்தாள்.

"அம்மா, பின்னால நம்ம தபால் கந்தோர் முத்திரை இருக்கு, பாருங்க."

கடிதம் அங்கே வந்து சேர்ந்த திகதி, இரண்டு கிழமைக்கு முந்தியது. கந்தோரிலிருந்து தபால் பை அன்றன்றே ஒப்பீசுக்கு வந்துவிடும். கடிதம் அவ்வளவு நாளும் தூங்கியது ஒப்பீஸ் மேசையில்.

மறுநாள் நான் கொழுந்தெடுக்கப் போகவில்லை. கருகிய உறையோடு பதுளைக்குப் போய், பயிற்சி அதிகாரியிடம் நீட்டினேன். முத்திரையைப் பார்த்தவர் மகளுக்கு வேறு நாள் கொடுத்தார்.

"என்னத்துக்கு வெளிய போய்ச் சொன்னீங்க?" என்று கிளாக்கர் கேட்டார்.

"உள்ள சொன்னா அதுவும் மேசையிலதானுங்களே கெடக்கும்" என்றேன்.

இப்போது யாருக்குக் கடிதம் வந்தாலும், பெரட்டிலேயே முத்திரைத் திகதியை எல்லோருக்கும் கேட்க வாசிக்கிறேன். அதுவரை ஒருத்தியும் கூடையைத் தூக்குவதில்லை.