கசிப்புக் கேட்ட சாமி

குடியை நிறுத்த வைக்கும் வைத்தியத்தில் என் மாமியாரை மிஞ்ச மாத்தளைப் பக்கம் ஆள் கிடையாது. அவருடைய மகனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. பலன்தான் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். அவருக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. எனக்குப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பகல் முழுக்க அந்தக் குழந்தைகளை மேய்த்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் வீட்டில் இன்னொன்றை மேய்ப்பேன். அதற்கு மீசை இருந்தது, கசிப்பு என்கிற கள்ளச் சாராய வாடையும் இருந்தது.

குடிக்காத நேரத்தில் தங்கமான மனுஷன் என்று தோட்டமே சொல்லும். அந்தத் தங்கத்தைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் எழும்ப வேண்டும். பிற்பாடு, கை நடுங்குகிறது என்று விடிந்ததும் ஒரு வாய் போட ஆரம்பித்தார். அதோடு தங்கமும் போயிற்று.

மாமியார் முதலில் நாவுல என்ற ஊர்ப் பக்கத்து நாட்டு வைத்தியர் ஒருவரிடம் பொடி வாங்கி வந்தார். தெரியாமல் தேத்தண்ணியில் கலந்து கொடுத்தால் சாராயத்தின் வாசனையே குமட்டுமாம். கலந்தார். கோப்பை மாறிப்போய் மாமியாரே அதைக் குடித்துவிட்டார். வாரக்கணக்கில் வெற்றிலையைப் பார்த்தாலே ஓங்கரித்தார். இவர் சாராயத் தவறணையிலிருந்து தள்ளாடி வந்து, "அம்மாவுக்கு என்னா, ஒடம்புக்கு முடியலையா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அடுத்தது பக்கத்து லயத்து வேதக்காரக் குடும்பத்தோடு கோயிலுக்கு அனுப்பினோம். பாதர் இவரை முழந்தாளில் இருத்தி, இனிக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். திங்கட்கிழமை குடித்துவிட்டு வந்தார். கேட்டதற்கு, "அவங்க சாமிக்கு ஞாயித்துக்கெழம மட்டும்தான் கணக்கு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த அகப்பை பறந்தது. அது அவர் மேல் படவில்லை, மாமியார் மேல் பட்டது. அந்த வீட்டில் அவருக்கு அப்படி ஒரு ராசி.

கடைசியில் எனக்குப் பொறுமை போயிற்று. டவுனில் ஏஜென்டிடம் போய்க் குவைத்தில் வீட்டு வேலைக்குப் பெயர் கொடுத்தேன். போவதற்கு எனக்குத் துளியும் ஆசையில்லை. மகளுக்கு அப்போது நாலு வயது. ராத்திரி அவள் கால் என் வயிற்றின் மேல் கிடந்தால்தான் எனக்குத் தூக்கமே வரும். ஆனால் இந்த மனுஷனை நம்பி அவளை வளர்க்க முடியாது என்று ஆகிவிட்டது.

"திருவிழா முடிஞ்சதும் நான் போறேன். அதுக்குள்ள நீங்க நிறுத்தினா இருக்கேன்" என்று இவரிடம் சொல்லிவிட்டேன். இவர், தூங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் மாமியார் தன் கடைசி மருந்தை எடுத்தார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் எடுக்கிற ஆண்களுக்குக் கையில் மஞ்சள் காப்புக் கட்டுவார்கள். அதை அவிழ்க்கும்வரை மீன், இறைச்சி, குடி எதையும் தொடக்கூடாது. எப்பேர்ப்பட்ட குடிகாரனும் அந்த நாட்களில் அம்மனுக்குப் பயந்து ஒதுங்கிவிடுவான். "எம் மகனுக்கும் காப்புக் கட்டிருவோம். மத்ததெல்லாம் அவ பாத்துக்குவா" என்றார் மாமியார்.

இவரும் தலையாட்டினார். உண்மையாகவே நிறுத்த நினைத்தார் என்றுதான் இன்றும் நம்புகிறேன். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு போய்க் காப்புக் கட்டிக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை.

மறுநாள் கை நடுங்கியது. அதற்கடுத்த நாள் உடம்பே நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது, கண் சிவந்தது, சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. நான் காய்ச்சல் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். சாயங்காலப் பூசையில் உடுக்கு அடிக்கத் தொடங்கியதும், இவர் கூட்டத்தின் நடுவே நின்று சுவரைக் காட்டிக் கத்தினார்.

"எறும்பு! செவுரெல்லாம் எறும்பு! வரிசையா வருது!"

உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வந்துட்டா!" என்று அலறினார். அவ்வளவுதான். எல்லாரும் இவர் காலில் விழுந்தார்கள். நானும் விழுந்தேன், பொய் சொல்வானேன்.

தோட்டத்துத் தலைவர்தான் சங்கத்துக்கும் தலைவர், கோயில் கமிட்டிக்கும் தலைவர். சாமி வாக்குக்கு அர்த்தம் சொல்கிற உரிமையும் தனக்குத்தான் என்று நினைப்பவர். "எறும்பு வரிசையா வருதுன்னா, நாம எல்லாரும் ஒத்துமையா நிக்கணும்னு அர்த்தம். சம்பளம் கூடப்போகுது!" என்றார். கூட்டம் குலவை போட்டது.

ஒருத்தி முன்னால் வந்து, தன் ஆடு காணாமல் போய்விட்டது, எங்கே என்று கேட்டாள். இவர் கண்ணை உருட்டி, "செவுத்து மேல ஏறுது, செவுத்து மேல ஏறுது" என்றார். எறும்பைத்தான் சொன்னார். ஆனால் இரண்டு பையன்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அந்தச் சனியன் பிடித்த ஆடு நிஜமாகவே கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் மதில் மேல் நின்று இலை தின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு யார் தடுத்தும் நிற்கவில்லை. இவருக்கு முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள்.

நானும் என் முறைக்குப் போனேன். "ஆத்தா, எம் புருஷன் குடிய விட்டுருவாரா? நான் ஊர விட்டுப் போகாம இருக்கலாமா?"

இவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. "நீ யாரு? ஒம் புருஷன் யாரு?" என்றார்.

கூட்டம் மெய்சிலிர்த்தது. எத்தனையோ முறை நிதானம் இல்லாமல் வந்து சாக்கடைக் கானுக்குள் விழுந்து கிடந்திருக்கிறார். அப்போதெல்லாம் என்னை மட்டும் அடையாளம் தெரியும், பெயரைச் சொல்லி வைவார். இப்போது சொட்டுக் குடிக்காமல் நிற்கிறார், என்னைத் தெரியவில்லை. இது சாமி இல்லை, வேறு ஏதோ என்று அப்போது பயந்தேன்.

அடுத்ததாகச் சாமி, "கசிப்பு வேணும்" என்றது. கூட்டத்தில் சின்னக் குழப்பம். மாரியம்மன் கசிப்புக் கேட்க மாட்டாளே. தலைவர் கொஞ்சம் யோசித்து, "வந்திருக்கிறது ஆத்தா இல்ல, முனி" என்று தீர்த்து வைத்தார். முனி என்றால் சாராயமும் சுருட்டும் கேட்பது வழக்கம்தான். மகன் குடியை நிறுத்த வேண்டும் என்று இத்தனை நாள் விரதம் இருந்த மாமியார், முந்தானையைச் செருகிக்கொண்டு கசிப்பு வாங்க ஓடினார்.

அவர் திரும்புவதற்குள் இவர் விழுந்துவிட்டார். கை கால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை.

"ஏத்துங்க லொறியில!" என்று கத்தினேன்.

"சாமி மலையேறாம தூக்கக்கூடாது புள்ள, குத்தமாயிரும்" என்றார் தலைவர்.

"ஒங்க சம்பளத்த ஒங்க எறும்புகிட்டயே கேட்டுக்கங்க. இப்ப தூக்குறீங்களா, இல்ல நானே தூக்கவா?" என்றேன். தூக்கினார்கள்.

தோட்டத்து லொறியில் நான், மாமியார், தலைவர், நடுவில் இவர். மாத்தளைக்குள் நுழையும் முன் செக்பொயின்டில் நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் தமிழ் ஆட்கள் நிறைந்த லொறி என்றால் சும்மா விடமாட்டார்கள். அவசரத்தில் நான் அடையாள அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். மீசை சரியாக முளைக்காத ஒரு ஆமிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, இந்த மனுஷனுக்கு என்ன என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "தெய்யோ ஆவா!" என்றார். தெய்வம் வந்திருக்கிறதாம்.

அந்தப் பிள்ளை தொப்பியைக் கழற்றியது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, துவக்கைத் தோளில் ஒதுக்கிக் கும்பிட்டுக்கொண்டு, தன்னை வடக்கே சண்டைக்கு அனுப்பிவிடுவார்களா என்று மெதுவாகக் கேட்டது. இவர் அரைக் கண்ணில், "எறும்பு" என்று முனகினார். தலைவர் அர்த்தம் சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் தொடையைக் கிள்ளிவிட்டு, "அனுப்ப மாட்டாங்க மல்லி, வீட்டுக்குத்தான் போவீங்க" என்று, தம்பி முறை வைத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். எங்கள் யாரிடமும் அட்டை கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நோனா முதலில் கேட்டது, கடைசியாக எப்போது குடித்தார் என்றுதான். நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில், பெருமையாக, காப்புக் கட்டியதிலிருந்து தொடவே இல்லை என்றோம். அந்த அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"நித்தம் குடிக்கிற ஆளைத் திடீரென்று நிறுத்தச் சொன்னது யார்? செத்துப் போயிருப்பாரே!"

பத்து வருஷமாக நிறுத்து நிறுத்து என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். நிறுத்தியதற்காக என்னையே திட்டுகிறார். நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். அந்த அம்மா பிறகு பொறுமையாகச் சொன்னார். கொஞ்சமாகக் குடிக்கிறவர் கிளினிக்குக்கு வந்து பேசிவிட்டுப் போனாலே சில வேளை போதும். இவரைப் போல விடிந்ததும் குடிக்கிறவரை வார்ட்டில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். நடுக்கம் அடங்க மாத்திரை, உடம்பு தேற விட்டமின் ஊசி. அதோடு முடியாது. குடியை வெளியே எடுப்பது வார்ட்டு வேலை, மறுபடி உள்ளே போகாமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. அதற்குக் கண்டிப் பக்கம் தங்கி இருக்கிற இல்லம் ஒன்று உண்டு, சில மாதம் இருக்க வேண்டும். வந்த பிறகு கிளினிக், விட்டவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம். மறுபடி விழுந்தால் மறைக்காமல் திரும்பி வரவேண்டும்.

எங்கள் பாதர், பொடி, காப்பு எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துவிட்டு, "சாமியையும் கும்பிடுங்க, மாத்திரையையும் குடுங்க" என்றார்.

இரண்டு மூன்று நாளில் இவருக்கு நிதானம் வந்தது. பாணும் பருப்பும் கேட்டுச் சாப்பிட்டார். அதற்குள் தோட்டத்திலிருந்து ஆட்கள் தேசிக்காய், கற்பூரத்தோடு வார்ட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த கட்டில்காரர் லொத்தர் நம்பர் கேட்டார். நர்ஸ் எல்லாரையும் விரட்டினார். தலைவர் மட்டும் டொக்டர் நோனாவிடம் தனியாகப் போய், திருவிழா முடியும்வரை மாத்திரையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். சாமி இல்லாமல் தேர் இழுப்பது சரியாக இருக்காதாம்.

இவருக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஆட்டைக்கூட. "ஒன்னய யாருன்னா கேட்டேன்?" என்றார். அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லத்துக்குப் போவது அவராகச் சொன்னதுதான். நான் ஏஜென்டிடம் இன்னும் கொஞ்ச காலம் பொறுக்கச் சொன்னேன்.

இல்லத்திலிருந்து ஆள் கன்னத்தில் சதை வைத்து வந்தார். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போனார். மாமியார் நிம்மதியாக வெற்றிலை போட்டார். அடுத்த மழைக்காலம்வரை எல்லாம் நன்றாகவே போனது. பிறகு ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வரவில்லை.

ரத்தோட்டைத் தவறணைக்கே போய்விட்டேன், கையில் குடையை ஓங்கிக்கொண்டு. வந்தார், குடித்தார், எழும்பிப் போய்விட்டார் என்றார்கள். விடியும்வரை தூங்கவில்லை. முடிந்தது கதை, திங்கட்கிழமை ஏஜென்டிடம் போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான் என்று முடிவெடுத்துவிட்டேன். மகளின் உடுப்புகளை மாமியாரிடம் காட்டி எது சின்னதாகிவிட்டது என்றுகூடப் பேசினேன். காலையில் முதல் பஸ் கொண்டக்டர் சத்தம் போட்டார்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரரு மாத்தள ஆஸ்பத்திரியில இருக்காரு! நேத்து ராத்திரி பஸ்ஸுல அவராத்தான் வந்து எறங்குனாரு!"

நான் போனபோது அதே வார்ட்டில், கட்டிலில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "கடைசியா எப்பக் குடிச்சேன்னு நானே டொக்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"குடிச்சா குடிச்சீங்க, எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? வீட்டுக்கு வந்து சொன்னா நான் கூட்டிட்டு வரமாட்டேனா?" என்று கத்தினேன். வார்ட்டே திரும்பிப் பார்த்தது.

"வீட்டுல சொன்னா நீங்கள்லாம் கோயிலுக்குல்ல கூட்டிட்டுப் போவீங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், அது அழுகையாக வந்தது. அந்த மனுஷன் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

திங்கட்கிழமை ஏஜென்டிடம் போய் நான் வரவில்லை, பெயரை வெட்டிவிடுங்கள் என்றேன். இவர் மறுபடி குடித்த செய்தி எனக்கு முன்னாலேயே அவரிடம் வந்திருந்தது.

"குடிச்சுட்டாராமே? அப்புறம் ஏன் போகமாட்டேங்கிறீங்க?"

"குடிச்சுட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாருங்க. அதனாலதான்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.