கோலம் நிற்காத கல்

மைசூரில் தரைக்கல் பதிக்கும் வேலை செய்த சித்தப்பா, பள்ளி விடுமுறைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். புது வீடு ஒன்றின் முன்வாசலுக்கு மணற்கல் பலகைகள் வந்து இறங்கிய நாளில், அவற்றில் ஒன்றை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். மற்றவை சமதளமாக இருந்தன. இதன் முகம் முழுக்கச் சின்னச் சின்ன அலைகள்.

பட்டியல் போடும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. சிமெண்ட் பைக் காகிதத்தில் எழுதினேன்: அலைகள் இருபத்து மூன்று. புழு ஊர்ந்ததுபோல் ஒரு கோடு. விரலை ஒரு பக்கமாக ஓட்டினால் வழுக்கிப் போகிறது. திருப்பி ஓட்டினால் ஒவ்வோர் அலையிலும் தடுக்குகிறது.

தண்ணீர் ஊற்றினேன். கல் கறுத்து, அலைகள் அசைவதுபோல் இருந்தன. அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். வெயிலேறிய கல் வயிற்றுக்கு இதமாக இருந்தது. எங்கோ தூரத்தில் ஏதோ நகர்வது கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

"இந்தக் கல்ல வாசப்படிக்கு நேராப் போடுங்க சித்தப்பா. எல்லாரும் பாப்பாங்க."

"போட்டுட்டாப் போச்சு அம்மிணி. நீதான மேஸ்திரி!"

சொன்னபடியே போட்டார். கலவை இறுகுமுன் வீட்டுக்கார அம்மாள் வந்து, குனிந்து தடவிப் பார்த்தார்.

"இதர மேலே ரங்கோலி ஹேகே ஹாக்கோது?"

இதன்மேல் எப்படிக் கோலம் போடுவது என்று கன்னடத்தில் கேட்டார். கோலப்பொடி பள்ளத்தில் இறங்கிவிடும், கோடு நிற்காது. அந்த அளவில் வேறு பலகையும் இல்லை. சித்தப்பா என்னைப் பார்க்காமல் கல்லைப் பெயர்த்தார், கவிழ்த்தார். அடிப்பக்கம் மட்டமாக இருந்தது. என் அலைகள் ஈரக் கலவைக்குள் அமுங்கின.

"பொய் சொன்னீங்க! அலையெல்லாம் செத்துப்போச்சு."

"அதெப்படிச் சாவும்? வரிவரியா இருந்தாத்தான் கலவை நல்லாக் கவ்வும். கல்லு இனி ஆடாது. மேஸ்திரியே அழுதா கூலியாளு என்ன பண்ணுவான், சொல்லு?"

நான் சிரிக்கவில்லை. வீடு போகும்வரை அவர் கையைப் பிடிக்கவும் இல்லை.

இப்போது மணற்பாறைகளைப் பார்த்து, பழைய ஆறுகள் எந்த இடத்தில் கடலில் கலந்தன என்று வரைவது என் வேலை. சிமெண்ட் பைக் காகிதத்தில் எழுதியதைத்தான் இன்றும் குறிப்பேட்டில் எழுதுகிறேன்: எத்தனை அலைகள், எந்தப் பக்கம் சரிவு, எது ஊர்ந்த தடம். விரல் வழுக்கிப் போன திசையில்தான், மணலில் அந்த அலைகளை வரைந்த பழைய தண்ணீரும் போயிருக்கிறது. அது அடங்கிய ஒரு பொழுதில் சேறு வந்து, மணல் அலைகளை மெல்ல மூடியிருக்கிறது. மூடாமல் விட்டிருந்தால் அடுத்த நீரோட்டமே அவற்றை அழித்திருக்கும்.

அந்தச் சேறு செய்த வேலையைத்தான் அன்று சித்தப்பா கலவை பூசிய கரணையும் செய்தது. அது தெரியாமல் இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.